ஏழாம் நம்பர் மலையில் எடுக்கிற சிம்

கோரைமட்டம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுப்பது எப்போதும் ஆம்பளைகளின் வேலையாகவே இருந்தது. பறிக்கிறவர்கள் பெண்கள், சுமந்து வருகிறவர்கள் பெண்கள், தராசு முள்ளைப் பார்த்து எடை சொல்கிறவர் மட்டும் குடை பிடித்த ஓர் ஆம்பளை. கடைசியாக இருந்த சூப்பர்வைசர், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ தள்ளுகிறவர். அவர் ஓய்வு பெற்று மகனோடு இருக்க மேட்டுப்பாளையம் போனதும், மூன்றாம் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பதினெட்டுப் பேரும், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டு முடிந்த கையோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள்.

"எங்களுக்குச் சுகுணா போதும் சார். நாலு பேருக்கு நடுவுல நாயமாப் பேசுற புள்ள."

உதவி மேனேஜர் தினகரன் சின்ன வயசு. வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நல்ல பையன், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"பத்து வரைக்கும் படிச்சிருக்காங்க, இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ். எனக்கு ஆட்சேபணை இல்லைங்க. ஆனா இந்த சீசன்ல இருந்து நோட்டு கிடையாது. நிறுத்த உடனே மலையில இருந்தே எடையைப் போன்ல ஏத்தணும். கொழுந்து லாரி கிளம்பறதுக்குள்ள அது ஃபேக்டரிக்குப் போய்ச் சேரணும். திங்கக்கிழமை ஏழாம் நம்பர் மலை பறிப்பு. அங்க செஞ்சு காட்டுங்க."

ஏழாம் நம்பர் மலை என்றதும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேர்தான் மலை. இரண்டு மேட்டுக்கு நடுவே கிணறு போலக் கிடக்கிற பள்ளம் அது. மஞ்சூரில் எல்லாப் போனும் எடுக்கும், லயத்தில் எடுக்கும், ஏழாம் நம்பரில் இறங்கினால் செத்துப்போகும்.

"அங்க டவரே கிடையாதுங்களே சார்," என்றாள் சுகுணா.

"தெரியும். அதுக்குத்தான் ஆபீஸ்ல இருந்து பைக் ஓட்டற ஆளைப் போடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. நிறுத்துட்டு மேட்டுக்கு வண்டியை விட்டு அனுப்பிருவான். உங்களால முடிஞ்சா உங்களுக்கு."

சுகுணாவிடம் அப்போது இருந்தது பொத்தான் போன். அதையும் பாதி நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

அவள் புருஷன் ரவிக்குமார் ஃபேக்டரியில் வாட்டுத்தொட்டி வேலை. பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியில் காற்றாடி ஓட விட்டு, வாடும் வரை புரட்டிக் கொடுக்கிற வேலை. பதினேழு வருஷமாக அந்தப் பச்சை வாசத்திலேயே நின்று அவன் சட்டைகூட வாடின கொழுந்து போல மணக்கும். சனிக்கிழமை சம்பள லீவு போட்டுக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் குன்னூர் பஸ் ஏறினவன், பொழுது சாயும்போது ஒரு டப்பாவோடு வந்தான்.

"கண்ணை மூடு புள்ள."

"அடுப்புல ரொட்டி கெடக்குதுங்க, கருகிப்போகும்."

"கருகட்டும்."

டப்பாவைத் திறந்தால் கருநீலத்தில் பளபளவென்று ஒரு டச் போன். பின்பக்கத்தில் அவள் முகம் தெரிந்தது. சுகுணா முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், அதற்கப்புறம்தான் தொட்டாள். ரவிக்குமார் கடையிலேயே தான் வைத்திருக்கிற அதே போன் கம்பெனியின் சிம் ஒன்றைப் போட்டு, ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜும் செய்திருந்தான். கூடவே மெமரி கார்டில் அறுநூறு பாட்டு. கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் ரஞ்சனிக்கு வீடியோ போட்டுக் காட்டினான். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது.

"அம்மா, சூப்பர்வைசரம்மா!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தின்றுகொண்டிருக்கும்போது சுகுணா மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கம்பெனி ஏழாம் நம்பர்ல எடுக்குங்களா?"

"நம்ம கம்பெனியா? ஊட்டியில பறக்குது."

"ஊட்டியில கொழுந்து நிறுக்கப் போறதில்லீங்களே."

ரவிக்குமாரின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. ஏழாம் நம்பர் மலையில் அவன் கால் வைத்தே பத்து வருஷம் இருக்கும். ஆசையாக வாங்கி வந்தவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு லீவுதானே. போய்ப் பாத்துட்டு வந்துட்டாப் போகுது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் நம்பர் மலைக்கு இறங்கியவர்கள் இரண்டு பேர் இல்லை, பதினாறு பேர். சேதி லயம் முழுக்கப் பரவியிருந்தது. அவரவர் போனை ரவிக்கைக்குள்ளும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் சொருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜெஸிந்தா அவித்த உருளைக்கிழங்கும் மிளகாய்ப் பொடியும் கொண்டுவந்தாள். ரவிக்குமார் தேத்தண்ணி ஃபிளாஸ்க் இரண்டைத் தோளில் மாட்டியிருந்தான். இரவு பெய்த மழையில் செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. கொழுந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் துளிர்த்து, மறுநாள் பறிப்புக்குத் தயாராக இருந்தது. பெண்கள் நடக்கும்போதே கை சும்மா இருக்காமல் முற்றின கரட்டு இலையைக் கிள்ளி எறிந்துகொண்டு போனார்கள்.

பள்ளத்தின் நடுவில், வண்டிப்பாதை வளைகிற இடத்தில் தகரம் போட்ட நிறுவைக் கொட்டகை. அதன் கீழ் நின்று சுகுணா புதுப் போனை எடுத்தாள். மேலே கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி.

"கொஞ்சம் தூக்கிப் பிடி," என்றான் ரவிக்குமார்.

தூக்கினாள். கொட்டகைக்கு வெளியே வந்தாள். கல்மேல் ஏறினாள். ரவிக்குமார் போனை வாங்கித் தானே சில்வர் ஓக் மரத்தில் பாதி ஏறிப் பார்த்தான்.

"ஒரு கோடு! ஒரு கோடு வந்துச்சு!... போயிருச்சு."

"மரத்துல தராசு கட்ட முடியாதுங்க, எறங்குங்க," என்றாள் சுகுணா. பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினான், ஆனால் காது சிவந்திருந்தது.

பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்றார்கள். கம்பெனிப் பேர் யாருக்கும் சரியாக வாயில் வரவில்லை. ஜெஸிந்தா சிம், சுசீலா சிம், ரவியண்ணன் சிம் என்றே சொல்லிக்கொண்டார்கள். நிரைக்கு நிரை குரல் கிளம்பியது.

"ஜெஸிந்தா சிம்மு ரெண்டு கோடு!"

"எங்கடி?"

"மேல பாறைகிட்ட! இங்க வாக்கா!"

சுகுணா போய்ப் பார்த்தாள். உண்மைதான். பாறையிலிருந்து கொட்டகை இருநூறு அடி கீழே தெரிந்தது.

"அப்ப தராசை இங்க மாத்திரலாங்க்கா," என்றாள் ஜெஸிந்தா. "விட்டது தொல்லை."

சுகுணா சரிவைப் பார்த்தாள். செங்குத்தான மேடு, ஈர மண், ஆளுக்குப் பதினைந்து இருபது கிலோ மூட்டை தலையில்.

"வேண்டாம் ஜெஸி. என்னோட ஒரு போனுக்காக பதினெட்டுப் பேரு சொமையோட ஏறணுமா? அதுக்கு அந்த பைக்குக்காரனே வந்து நிறுத்துட்டுப் போகட்டும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜெஸிந்தா சரிவை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் தன் போனை உறைக்குள் சொருகினாள்.

சுசீலா சிம் எங்கேயும் எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு எல்லாரும் கொட்டகைக்குத் திரும்பி, கிழங்கைத் தோல் உரித்துத் தின்றார்கள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. எதிர் மேட்டிலிருந்து மேகம் வழுக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. ரவிக்குமார் புதுப் போனைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தான்.

அப்போது எங்கேயோ மணி அடித்தது.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். சத்தம் ஆண்டாயியின் இடுப்பிலிருந்து வந்தது. ஆண்டாயிக்கு ஐம்பத்தொன்பது வயது. பத்து வயதில் இலங்கையின் பண்டாரவளைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவள். ஓய்வு வயது தாண்டியும் தினக்கூலிக்கு வருகிறாள். அவள் சாவகாசமாக மடியை அவிழ்த்து, ரப்பர் பேண்டு சுற்றிய பழைய பொத்தான் போனை எடுத்தாள்.

"என்னா?... தொறப்பு அரிசிப் பானையிலதான் கெடக்கு. தேடிப் பாரு. கண்ணு எங்க வச்சிருக்க?... வையி."

மடியில் திரும்பச் சொருகிக்கொண்டு கிழங்கை எடுத்தாள். பதினைந்து பேரும் தன்னையே பார்ப்பது அப்புறம்தான் தெரிந்தது.

"ஏன், என்னா? ஒச்சப்பன்தான். ஊட்டுத் தொறப்பைக் காணோமாம். பூட்டிட்டுப் போகணுமாம்."

"ஆண்டாயிக்கா," என்றாள் சுகுணா. "இங்க உங்க போன் அடிக்குதா?"

"எப்பவுந்தான் அடிக்கும். எம் மனுசன் தெனமும் ரெண்டு மணிக்கு, சோறு எங்கன்னு கேப்பான்."

"இத்தனை வருஷமா ஒரு நாளும் சொல்லலியே!"

"வேலை நேரத்துல டெலிபோன் பேசினா சூப்பர்வைசர் ஏசுவாரு. நான் கடைசி நிரைக்கு ஒதுங்கிப் போயிப் பேசுவேன். இப்ப நீதானே சூப்பர்வைசர். ஏசுவியா?"

அதற்குமேல் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ரவிக்குமார் அவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். மூன்று கோடு. அவன் நாலு பக்கமும் திரும்பி, இரண்டு மேட்டுக்கும் இடையில் இருந்த சின்ன இடுக்கைக் காட்டினான். மேகம் விலகின ஒரு நிமிஷத்தில், அந்த இடுக்கு வழியாக, தூரத்தில் பவர்ஹவுஸ் கேம்ப்பின் டவர் குச்சி போலத் தெரிந்தது.

"அந்தக் கம்பெனி டவரு அது. நேரா இங்க பாத்துக்கிட்டு நிக்குது."

"அப்ப ஆண்டாயிக்கா சிம்மைப் புதுப் போன்ல போட்டு நெட்டு வருதான்னு பாத்திரலாம்," என்று ஜெஸிந்தா பழைய போனின் பின்மூடியைக் கழற்றினாள். ஆனால் சிம்மை எடுத்துப் பார்த்தால் அது பழைய காலத்துப் பெரிய சிம். புதுப் போனின் துளை சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"கவாத்துக் கத்தரி இருக்கு. ஓரத்தை வெட்டிரலாங்க்கா."

ஆண்டாயி சிம்மைப் பறித்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "வெட்டுவ! இது பதினாலு வருசத்து நம்பரு. எங்க தம்பி பண்டாரவளையில செவத்துல கரியால எழுதி வச்சிருக்கான். போயி புதுசு வாங்கு புள்ள."

மஞ்சூர் பஜாரில் அயூப்பின் மொபைல் கடை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வரைதான். சுகுணாவும் ரவிக்குமாரும் ஜீப் பிடித்து இரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அயூப் ஒரு ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டாவதில் கை வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஷட்டரை மேலே தள்ளினான்.

"சிம் தர்றேங்க்கா. பேசறதுக்கு அங்க எடுக்கும்னு நீங்களே பாத்துட்டீங்க. நெட்டு வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கேம்ப் டவர்ல போன மாசந்தான் புது மிஷின் வச்சிருக்காங்கன்னு லைன்மேன் ஒருத்தர் சொன்னார். வந்தா உங்க அதிர்ஷ்டம்."

"குடு தம்பி."

"உங்க நம்பரையே இந்தக் கம்பெனிக்கு மாத்தணும்னா நாலஞ்சு நாள் ஆகுங்க்கா. நாளைக்கே வேணும்னா புது நம்பர்தான். போன்ல ரெண்டு சிம் போடலாம். எங்க, காட்டுங்க." சிம் தட்டை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுக் குரலை இழுத்தான். "இதுல ரெண்டாவது எடத்துல மெமரி கார்டு ஒக்காந்திருக்குது. ஒண்ணு கார்டு இருக்கணும், இல்ல சிம் இருக்கணும்."

ரவிக்குமார் கடைக்காரனையும் பார்த்தான், போனையும் பார்த்தான். அறுநூறு பாட்டையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஏற்றியிருந்தான். பாதி அவளுக்குப் பிடித்தவை, பாதி அவளுக்குப் பிடிக்கும் என்று அவன் நினைத்தவை.

"கார்டை எடுத்திரு அயூப்," என்றான். "பாட்டுக்கு நானே பாடிக்கறேன்."

"அதுக்கு ஏழாம் நம்பர்ல டவரே வேண்டாம், மேடு தாண்டிக் கேக்கும்," என்றாள் சுகுணா.

சிரித்துக்கொண்டே கைரேகை மிஷினை அயூப் தள்ளினான். சுகுணா வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டைவிரல், சிவப்பு. நடுவிரல், சிவப்பு. இருபத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளின விரல்கள். கறையேறி, வெடித்து, மறுபடி தழும்பேறி, ரேகை எல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தன. அயூப் ஈரத்துணி கொடுத்தான். பக்கத்து ஓட்டலில் எலுமிச்சை மூடி வாங்கி வந்து தேய்க்கச் சொன்னான். தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள். வலது கை ஐந்தும் முடிந்தது. மணி மூன்று ஆகப்போகிறது.

"என் பேர்ல போட்டிரலாமா?" என்று ரவிக்குமார் விரலை நீட்டினான். "எனக்கு ரேகை நல்லா விழும்."

"இல்லீங்க. ஆபீஸ்ல ஏத்தறது என் பேரு. சிம்மும் என் பேர்ல இருக்கட்டும்."

இடது கட்டைவிரல், சிவப்பு. ஆள்காட்டி, சிவப்பு. நடுவிரல் வைக்கும்போது அவள் உதட்டைக் கடித்திருந்தாள். அதுவும் சிவப்பு. இடது மோதிர விரலை வெறுமனே வைத்தாள், நம்பிக்கை இல்லாமல். பச்சை.

அயூப்தான் முதலில் கத்தினான். டீக்கடையில் நின்றவர்கள் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள். "அந்த விரலை மட்டும் பத்திரமா வச்சுக்கங்க்கா," என்றான். ரவிக்குமார் அந்த விரலைப் பிடித்து மெல்ல ஒரு அழுத்து அழுத்திவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பஜாரைப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடிந்ததே தெரியவில்லை, அப்படி ஒரு மேகம். மழை என்று சொல்ல முடியாத தூறல். பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நிரை பிடித்தார்கள். கொழுந்து வெட்டுகிற கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. பவர்ஹவுஸ் பக்கத்து இடுக்கு வெள்ளையாக மூடிக்கிடந்தது. சுகுணா அதை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் தராசைத் துடைக்கத் தொடங்கினாள்.

பத்தரைக்கு முதல் நிறுவை. தினகரன் குடையோடு வந்து கொட்டகை ஓரத்தில் நின்றான். சுகுணா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். முள் நின்ற இடத்தைப் பறித்தவளுக்கே காட்டிவிட்டுத்தான் எண்ணைத் தட்டினாள். ஈரத்துக்குத் தள்ளுவது பற்றிக் கேட்டபோது, ஆபீஸ் எழுதிக் கொடுத்த அளவைச் சத்தமாகப் படித்து, எல்லாருக்கும் அதையே தள்ளினாள். கடைசியில் ஆண்டாயி. பதினேழு கிலோ.

"பதினெட்டு போடு புள்ள, என் சிம்முக்கு."

"சிம்மு வேற, கொழுந்து வேறக்கா. பதினேழு."

பெண்கள் 'ஓ' என்று கூவினார்கள். ஆண்டாயியும் சேர்ந்து கூவினாள்.

மொத்தம் இருநூற்று எண்பத்தாறு. அனுப்பு என்ற இடத்தைத் தொட்டாள். ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. கோடு இரண்டாகி, ஒன்றாகி, மறுபடி இரண்டானது. பதினெட்டுப் பேரும் மூட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார்கள். மேட்டில் லாரி கியர் மாற்றி இறங்குகிற சத்தம் கேட்டது. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. சுகுணாவின் கழுத்தில் தூறலா வியர்வையா என்று தெரியாத ஈரம்.

வட்டம் நின்று பச்சை டிக் விழுந்தது.

"போயிருச்சு சார்."

"ஃபேக்டரியில வந்துச்சான்னு கேக்கணுமே." தினகரன் தன் போனை எடுத்துப் பார்த்தான். பெருக்கல் குறி. விலை உயர்ந்த போன்தான். அதைக் குடைக்கு வெளியே நீட்டியும் பார்த்தான்.

"இதுல பேசுங்க சார்," என்று சுகுணா தன்னுடையதை நீட்டினாள்.

அவன் ஃபேக்டரிக்குப் பேசினான். "ஏழாம் நம்பர்... ஆமா... எவ்வளவு? இருநூத்தி எம்பத்தாறா? சரி." போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "லாரி கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சுங்க. இனி நீங்கதான். ஆர்டர் சாயங்காலம் வரும். அப்புறம்... இது என்ன கம்பெனிங்க?"

"ஆண்டாயி கம்பெனி சார்!" என்று பதினேழு குரல் ஒன்றாக வந்தது. ஆண்டாயி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

லாரி போய் அரைமணி நேரம் கழித்து போன் கிணுகிணுத்தது. ரவிக்குமார் படம் ஒன்று அனுப்பியிருந்தான். அது மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரிந்தது. ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் வாட்டுத்தொட்டியின் கம்பி விளிம்பு தெரிந்தது. பிறகு அதில் தொங்கும் சிலேட்டு. எந்த மலைக் கொழுந்து, எத்தனை கிலோ, நிறுத்தது யார் என்று ஒவ்வொரு தொட்டியிலும் சாக்பீஸால் எழுதி மாட்டுவார்கள். பதினேழு வருஷமாக அதை எழுதுகிறவன் ரவிக்குமார்தான்.

ஏழாம் நம்பர் மலை. 286 கிலோ. நிறுவை: ஆர். சுகுணா.

எழுத்தை அவன் அத்தனை குண்டாக, அத்தனை அழகாக எப்போதும் எழுதினதில்லை. சுகுணா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெஸிந்தா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஆர் யாரு?" என்றாள் ஆண்டாயி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு.

"அவருதான்க்கா. ரவிக்குமார்."

"அவனா நிறுத்தான்? உன்னோட அப்பன் அழகையா பள்ளிக்கொடத்துல சேர்க்கக்குள்ள என்னா எழுத்துப் போட்டான்?"

சுகுணா யோசித்தாள். பிறகு ரவிக்குமாரின் நம்பரை அழுத்தினாள். பள்ளத்தில் நின்றுகொண்டு அவள் பேசுகிற முதல் பேச்சு.

"ஏனுங்க, படம் வந்துச்சுங்க. நல்லா இருக்குதுங்க. எல்லாரும் பாத்தாங்க... அழுவல, தூறல்ல நிக்கறேன். ஒண்ணு சொல்லட்டுங்களா? முன்னெழுத்துத் தப்பாப் போச்சு... சர்ட்டிபிகேட்ல ஏ தானுங்க. அழகையா... ஆமாங்க."

அந்தப் பக்கம் காற்றாடிச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ரவிக்குமாரின் சிரிப்பு கேட்டது.

"உத்தரவுங்க சூப்பர்வைசரம்மா," என்றான்.

மூன்று மணி நிறுவை முந்நூற்றுப் பன்னிரண்டு. மேகம் அதற்குள் கலைந்து, சரிவு முழுக்க வெயில் விழுந்திருந்தது. லாரி மேடு ஏறி மறைந்து, பெண்கள் கத்தரியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது படம் வந்தது. இந்தத் தடவை அது ஒரே மூச்சில் விரிந்தது. பழையதைத் துடைத்த சாக்பீஸ் தூள் சிலேட்டு ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. நடுவில், முதல் தடவையைவிடப் பெரிய எழுத்தில், ஏ. சுகுணா என்று எழுதியிருந்தது. சுகுணா அதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள். பெண்கள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள்.